'இருக்கவே இருக்கிறது நாடக டிக்கெட்'டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நற்பணிக்கு நிதி திரட்ட ஏலம் நடத்துவது எப்படி என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். பயனுள்ள கட்டுரைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏலப் பொருள்களை எங்கே கேட்டு வாங்குவது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "வேறு எதுவும் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது நாடக டிக்கெட்" என்று ஒரு வரி எழுதிவிட்டார். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தங்கள் கண்ணில் பட்டும் அந்த வரி எப்படித் தப்பியது என்பதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

ஒரு நாடக அரங்கின் டிக்கெட் கவுன்ட்டரில் 22 வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் கடிதங்கள் வரும். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், மருத்துவமனைக்குக் கருவி, நூலகத்துக்குப் புத்தகம். எல்லாம் நல்ல காரியம். அந்த சீசனில் நடக்கும் ஐந்து நாடகத்துக்கும் சேர்த்து இரண்டு இருக்கை கொடுங்கள் என்று கேட்பார்கள். முடிந்தவரை யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஏலம் முடிந்தபின் 'உங்கள் டிக்கெட் இன்ன தொகைக்குப் போனது, நன்றி' என்று திரும்பி எழுதியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நாடக டிக்கெட் ஏலத்தில் விலைபோகாது என்கிறார் கட்டுரையாளர். ஏன் போகவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாமே! ஏலம் ஏறுவதற்கு ஒரே பொருளை விரும்பும் இரண்டு பேர் அந்தக் கூடத்தில் இருக்க வேண்டும். ஓவியத்தையோ கைக்கடிகாரத்தையோ யாரும் என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம். சீசன் டிக்கெட்டுக்குத் தேதி உண்டு. எந்த ஐந்து நாடகம், எந்தெந்தக் கிழமை, சனி ஞாயிறு உண்டா, தேதியை மாற்றிக்கொள்ளலாமா, இதெல்லாம் முன்கூட்டித் தெரிந்தால்தான் நாடகம் பார்க்கிறவன் ஏலத்துக்கே வருவான். ஒருமுறை எங்கள் டிக்கெட் ஏலம் போனபோது நானே போயிருந்தேன். ஏலம் விட்டவர் உறையைத் தூக்கிக் காட்டி, "ஏதோ நாடகமாம்" என்றார். நாடகத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். உறையைப் பிரித்துப் பார்க்கும் நேரத்துக்குள் முடிந்துபோனது. கவுன்ட்டர் விலையில் பாதிகூட வரவில்லை. அந்த உறைமேல் அரங்கின் பெயரை நான்தான் என் கையால் எழுதியிருந்தேன்.

அப்புறம், ஏலத்தில் கைக்கு வருவது பெரும்பாலும் டிக்கெட்டே அல்ல, கூப்பன். அதைக் கவுன்ட்டரில் கொடுத்து, தேதி சொல்லி, இருக்கை பதிந்துகொள்ள வேண்டும். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சீசன் முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கூப்பனை எடுத்து நீட்டினார். மடிப்பில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. ஐந்தில் ஒரு நாடகம்கூட அவர் பார்க்கவில்லை. "வீட்டம்மாவுக்கு உடம்பு தேறட்டும்னு இருந்தேன் தம்பி, இப்பதான் எழுந்து நடமாடுறாங்க" என்றார். கடைசித் தேதி பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில் இருந்தது. சினிமா என்றால் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். கழற்றிப் போட்ட மேடையை அவருக்காக மறுபடி எப்படிக் கட்டுவது? அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. கூப்பனைத் திரும்பவும் அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் பதிய வருவார் என்று அந்தக் கூப்பனுக்காக ஒதுக்கிவைத்த இரண்டு இருக்கையும் சீசன் முழுக்கக் காலி. காலியான இருக்கையை மறுநாள் விற்க முடியாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நடிக்கிறவர்கள் திரையை ஓரமாக விலக்கி எத்தனை தலை என்று எண்ணிப் பார்ப்பார்கள். முன்வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தால் அது அவர்கள் முகத்தில் தெரியும்.

நாடகக்காரன் என்றால் இளக்காரம் என்பது நேற்று வந்ததில்லை. அதை மாற்றத்தான் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களை மேடையேற்றினார். நற்பணிக்குக் கொடுப்பதிலும் நாடகம் யாருக்கும் பின்தங்கியதில்லை. சிவாஜி கணேசன் கட்டபொம்மனாக மேடையில் நின்று சேர்த்த வசூல் பள்ளிக்கூடங்களுக்கும் பொதுக் காரியங்களுக்கும் போனது. லண்டனில் நாடக ஆசிரியர் ஜே.எம். பாரி தன் 'பீட்டர் பான்' நாடகத்தின் உரிமையை 1929இல் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கே எழுதிக் கொடுத்தார். பதிப்புரிமைக் காலம் முடிந்தபோது, மருத்துவமனைக்கு வரும் ராயல்டி நின்றுவிடக் கூடாது என்று 1988இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டத்திலேயே வழி செய்தது. ஒரு நாடகத்துக்காக! இப்படிப்பட்ட கலையை 'இருக்கவே இருக்கிறது' என்று கடைசியில் தள்ளுவதற்கு எப்படி மனம் வந்தது?

தங்கள் பத்திரிகையிலும் முன்பெல்லாம் நாடக விமர்சனம் வரும். முதல் காட்சிக்குத் தங்கள் நிருபர் வருவார். அவருக்கு இருக்கை எடுத்துவைப்பது என் வேலை. முழுப்பக்கம் அரைப்பக்கமானது, அரைப்பக்கம் ஒரு பெட்டிச் செய்தியானது, பிறகு அதுவும் நின்றது. அது பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. இடம் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். எந்த நாடகம் எப்போது நடக்கிறது என்று எங்கேயும் படிக்கக் கிடைக்காவிட்டால், ஏலக் கூடத்தில் யார் கை தூக்குவார்கள்?

சரி, பழையதை விடுகிறேன். கட்டுரையாளரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. ஏலம் நடத்துகிறவர்களுக்காக அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள், போதும். நாடக டிக்கெட்டை ஏலத்தில் வைத்தால் நாடகங்களின் பெயரையும் நாள்களையும் அழைப்பிதழிலேயே அச்சிடட்டும். கூப்பன் என்றால் கூப்பன் என்று சொல்லட்டும். எடுத்தவரின் தொலைபேசி எண்ணை அரங்குக்குக் கொடுத்தால், சீசன் முடியுமுன் கவுன்ட்டரில் இருப்பவர்கள் அவரைக் கூப்பிட்டு நினைவுபடுத்துவார்கள். கடைசித் தேதியை மட்டும் முன்பக்கத்தில், பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்
(நாடக அரங்கின் டிக்கெட் கவுன்ட்டரிலிருந்து ஓய்வு பெற்றவன்)