மலையேற எந்த எனர்ஜி பார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடனடித் தெம்புக்காகத் தின்னும் சத்துக் கட்டியான எனர்ஜி பார் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கடையில் எதை எடுத்தாலும் சரி என்ற தொனியில் முடிந்துவிட்டது. கேரள எல்லையை ஒட்டி வாழும் எங்களுக்கு அந்த யோசனை ஒத்துவராது.

சித்ரா பௌர்ணமியன்று பளியன்குடி வழியாக மலைமேல் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும் இளைஞர்கள் சிலர் கையில் இப்போது புரோட்டீன் பார் இருக்கிறது. ஆறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுப்பாதை, அதுவும் சித்திரை வெயிலில். ஏறுகிற காலுக்கு அந்த நேரத்தில் வேண்டியது விரைவில் ரத்தத்தில் கலக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். புரதம் களைத்த தசையைச் சீராக்க உதவும். இறங்கி வந்த பிறகு பருப்பிலும் முட்டையிலும் அது கிடைத்துவிடும். கொழுப்பும் நார்ச்சத்தும் மிகுந்த பார் வயிற்றிலேயே நெடுநேரம் கிடக்கும். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று விற்கும் சிலவற்றில் மால்டிடால் போன்ற இனிப்பூட்டிகள் உண்டு. அளவு மீறினால் வயிறு உப்பிப் பேதியாகும். நடுக்காட்டில் அது என்ன பாடு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கனடாவைச் சேர்ந்த மராத்தான் ஓட்டக்காரர் பிரையன் மேக்ஸ்வெல் 1986-இல் ‘பவர்பார்’ என்ற எனர்ஜி பாரைக் கொண்டுவந்தபோது, ஓடிக்கொண்டிருக்கும்போதே எளிதில் செரிக்க வேண்டும் என்பதே நோக்கம். இன்று எனர்ஜி பார் என்ற பெயரில் சாக்லேட் பூசிய மிட்டாய்களும் அலமாரியில் நிற்கின்றன. கம்பத்து வெயிலில் பையைத் திறப்பதற்குள் அவை குழம்பாகிவிடும்.

உறையின் முகப்பை விட்டுவிட்டுப் பின்புறத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முதல் இடங்களில் ஓட்ஸ், பேரீச்சை, அவல் இருந்தால் ஏறும்போது உண்ணலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் நடைக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் கடுமையாக நீண்டால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. பாரைத் தண்ணீரோடு சிறிது சிறிதாகக் கடித்துத் தின்ன வேண்டும்.

கடலை மிட்டாய் போதாதா என்று கேட்பார்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாய் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி எடை கொழுப்பு. மெதுவாக நாள் முழுக்க நடப்பவருக்கு அது அருமையான தீனி. மூச்சு வாங்க ஏறுபவருக்கு நேந்திரம் பழமோ பேரீச்சையோ மேல். கடலை ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது. சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் எந்த பாரையும் நம்ப வேண்டாம்.

விடியுமுன் ஜீப்பில் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போய்ப் பகலெல்லாம் ஏலத் தோட்டச் சரிவில் நிற்கும் பெண்கள் தூக்குவாளிச் சோற்றில்தான் வேலை செய்கிறார்கள். ‘சுறுசுறுப்பானவர்கள்’ என்று தங்கள் கட்டுரை தந்த பட்டியலில் அவர்களைக் காணோம்.

இன்னொன்று: மங்கலதேவி பாதையில் பிளாஸ்டிக்குக்குத் தடை. பார்களை வீட்டிலேயே பிரித்து வாழையிலையில் மடித்து எடுத்துவரச் சொல்லி, அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய இதழில் ஒரு பெட்டிச் செய்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கூடலூர், தேனி மாவட்டம்.