மீனாவுக்கு, ஹெல்மெட் விஷயமாக

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்கூட்டர் வாங்கிவிட்டாய், தேவகோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு இனி காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடக்க வேண்டாம் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதே கடிதத்தில், "ஹெல்மெட் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே நெற்றி விண்விண்ணென்று வலிக்கிறது, அடுத்த மாசம் ஒரு சைஸ் பெரிசா வாங்கிக்கலாம்னு இருக்கேன், அதுவரைக்கும் ஊர் தாண்டினதும் கழற்றி முன்னாடி கொக்கியில் மாட்டிடறேன்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. வீட்டுச் சேதியெல்லாம் கடைசியில் எழுதுகிறேன், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய சைஸ் வாங்காதேடி. உனக்கு வேண்டியது வேறு ஹெல்மெட், பெரிய ஹெல்மெட் இல்லை.

வலி எங்கே வருகிறது என்பதை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். கன்னத்தில் இறுக்கம் இருக்கத்தான் வேண்டும். புதுசில் கன்னச் சதை உப்பிக்கொண்டு, பேசினால் உள்கன்னம் பல்லில் படுகிற அளவுக்கு இருந்தால்கூடப் பயப்படாதே, அந்தப் பஞ்சு ஓட்ட ஓட்ட அமுங்கி முகத்துக்கு வந்துவிடும். தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பிடித்தாலும் நல்லதுதான். நெற்றி நடுவில் மட்டும் ஒரே இடத்தில் குத்தி, கழற்றிய பிறகும் சிவப்புத் தடம் போகாமல் நின்றால், அங்கேதான் கோளாறு. உன் தலை முன்னும் பின்னும் கொஞ்சம் நீளமாக இருக்கிறது, ஹெல்மெட்டின் உள்வடிவம் அதைவிட வட்டமாக இருக்கிறது, அதனால் நெற்றியும் பின்மண்டையும் முட்டுகின்றன. இதே ஹெல்மெட்டில் ஒரு சைஸ் கூட்டினால் நெற்றிக்கு இடம் கிடைக்கும், வலியும் நிற்கும், ஆனால் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் காலியாகிவிடும். திரும்பிப் பார்த்தால் நீ திரும்புவாய், ஹெல்மெட் திரும்பாது. சில பேருக்கு நேர்மாறாக நெற்றிப் பொட்டில் இரண்டு பக்கமும் வலிக்கும், அவர்களுக்கு ஹெல்மெட் பக்கவாட்டில் குறுகல் என்று அர்த்தம்.

ஜாக்கெட் தைக்கிற மாதிரிதான் இது. இரண்டு பேருக்கும் சுற்றளவு ஒன்றாகவே இருக்கும், ஆனாலும் ஒருத்தி ஜாக்கெட் இன்னொருத்திக்குத் தோளில் உட்காராது. உன் தலை எந்த வடிவம் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: தலைக்குக் குளித்த ஈரத்தோடு முடியை நன்றாகப் படிய வாரிக்கொண்டு, கயலை நாற்காலி மேல் ஏறச் சொல்லி நேர் மேலிருந்து உச்சந்தலையை ஃபோனில் படம் எடுக்கச் சொல். நீளவாக்கில் முட்டை வடிவமா, கிட்டத்தட்ட வட்டமா என்று பளிச்சென்று தெரியும். ஜப்பானில் ஆராய், ஷோய் போன்ற கம்பெனிகள் தலை வடிவத்தைக் கணக்கில் வைத்துத்தான் ஹெல்மெட் செய்கின்றன, ஆராயில் நீளத் தலைக்கு, நடுத்தரத் தலைக்கு, வட்டத் தலைக்கு என்று வேறு வேறு உள்வடிவமே உண்டு. அதெல்லாம் நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. நம் ஊர்க் கம்பெனிகள் பெட்டியில் வடிவத்தை எழுதுவதில்லை, ஆனால் ஒவ்வொரு கம்பெனி அச்சும் ஒவ்வொரு விதம், ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். அதனால் போட்டுப் பார்த்து வாங்குவதுதான் வழி. ஆன்லைனில் தள்ளுபடி என்று பார்த்து ஆர்டர் போட்டுவிடாதே.

அளவு எடுப்பதும் முக்கியம். தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையில் எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அது வழியாகச் சுற்றி எடு. நீயாக எடுத்தால் பின்பக்கம் டேப் கீழே வழுக்கிவிடும், வேறு யாரையாவது எடுக்கச் சொல். எல்லாவற்றிலும் பெரிதாக வருகிற அளவை வைத்துக்கொள். ஹெல்மெட்டுக்குள் ஸ்டிக்கரில் 580, 600 என்று மில்லிமீட்டரில் போட்டிருக்கும், அந்த எண்ணைப் பார், எம், எல் என்ற எழுத்தைப் பார்க்காதே. ஒரு கம்பெனிக்கு 580 மீடியம், இன்னொன்றுக்கு அதே 580 லார்ஜ். கடைக்காரர் உன் முகத்தைப் பார்த்துவிட்டு "மேடம், உங்களுக்கு மீடியம்தான்" என்று சொன்னால் அதை நம்பி எடுத்துவிடாதே.

நான் இப்போது போடுவதை மவுண்ட் ரோடு பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன், அந்தத் தெரு முழுக்க வண்டிச் சாமான் கடைகள்தான். கூட்டமில்லாத மதிய நேரமாகப் போனேன், அதனால் கடைக்காரரும் பொறுமையாக இருந்தார். போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று உடனே கழற்றினால் ஒன்றும் தெரியாது, கால் மணி நேரமாவது தலையிலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் குத்துகிற இடம் குத்த ஆரம்பிக்கும். பிறகு வாரைப் பூட்டிக்கொண்டு, தாடைப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்தேன், கன்னமும் நெற்றித் தோலும் கூடவே இழுபட்டு வந்தன. அப்படித்தான் வர வேண்டும். தோல் அசையாமல் ஹெல்மெட் மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் லூஸ். கடைசியாக அந்தக் கடைக்காரரே பின்னால் வந்து, ஹெல்மெட்டின் பின்விளிம்பை அடியிலிருந்து பிடித்து மேலாக முன்பக்கம் உருட்டிப் பார்த்தார். பூட்டிய வாரோடு அது கழன்று வந்துவிட்டால் அந்த ஹெல்மெட்டை வாங்கவே கூடாது என்றார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று நேரம் எடுத்துச் சொன்ன மனுஷர், நன்றாக இருக்கட்டும்.

நீ போடும்போது வாரின் இரண்டு முனையையும் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, நெற்றிப் பக்கம் முதலில் நுழைத்துப் பின்பக்கம் இறக்கு. காது மடங்கினால் ஒரு விரலை விட்டு எடுத்துவிடு. தொப்பி மாதிரி சுலபமாக இறங்குகிறதே என்று மகிழ்ந்துவிடாதே, அது உன் சைஸ் இல்லை. முன்விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும், நம் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் பொட்டு அழியக் கூடாது என்று பின்னால் தள்ளிப் போடுகிறார்கள், நெற்றி முழுக்கத் திறந்து கிடக்கிறது. நீ கண்ணாடி போடுகிறவள், அதையும் கையோடு கொண்டுபோய் ஹெல்மெட் போட்ட பிறகு நுழைத்துப் பார். கண்ணாடிக் கம்பி நெற்றிப் பொட்டில் அழுத்தினால் அது தனித் தலைவலி.

இவ்வளவு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன மழையில் என்னோடு வேலை பார்க்கிற பையன் மதுரவாயல் பக்கம் பைக்கோடு வழுக்கி விழுந்தான். ஹெல்மெட் சரியாக இருந்தது, பூட்டியும் இருந்தான், தோளில் எலும்பு முறிவோடு தப்பினான். அந்த ஹெல்மெட்டை ஆபீசுக்குக் கொண்டுவந்து காட்டினான். வெளியே உள்ளங்கை அளவுக்குச் சிராய்ப்பு, பெயிண்ட் போயிருந்தது, அவ்வளவுதான். உள்துணியை உரித்துக் காட்டினான் பார், அதே இடத்தில் கறுப்புத் தெர்மாகோல் கட்டைவிரல் வைத்து அமுக்கியது போல் உள்ளே இறங்கி, அதிலிருந்து ஒரு விரிசல் காது வரைக்கும் ஓடியிருந்தது. தலைக்கு வர வேண்டிய அடியை அதுதான் வாங்கியிருக்கிறது. அந்தத் தெர்மாகோல் நசுங்கித்தான் காப்பாற்றும், நசுங்கினால் நசுங்கினதுதான், திரும்ப எழும்பாது, அதனால் ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தலைக்கும் அதற்கும் நடுவில் காலியிடம் இருந்தால், விழுகிற அந்த நொடியில் ஹெல்மெட் சுழன்று வேறு பக்கம் போய்விடும், அடி விழுகிற இடத்தில் தெர்மாகோல் இருக்கிறதா என்பதே நிச்சயம் இல்லை. லூஸ் ஹெல்மெட் வேண்டாம் என்று நான் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

நீ வரலாறு டீச்சர், உனக்கு இது பிடிக்கும். முதல் உலகப் போரில் அரபுப் புரட்சியில் இருந்த டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, நினைவு திரும்பாமலே ஆறு நாளில் இறந்துபோனார். ஹெல்மெட் இல்லை. அவரைப் பார்த்த டாக்டர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒருவர். அதற்குப் பிறகு போர்க்காலத்தில் தலையில் அடிபட்டு வந்த ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களை ஆராய்ந்து, ஹெல்மெட் போட்டவர்களுக்குக் காயம் எவ்வளவு குறைவு என்று 1941ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பிரிட்டனில் பொதுமக்களுக்கு அது கட்டாயமானது என்னவோ 1973ல்தான். நம் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து விதி என்று சொன்னால் கொட்டாவி விடுவார்கள், இதைக் கதையாகச் சொன்னால் கேட்பார்கள்.

வார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பூட்டாமல் போகிறவர்கள்தான் எங்கே பார்த்தாலும். மோட்டார் வாகனச் சட்டம் 129வது பிரிவிலேயே, வாரால் தலையோடு கெட்டியாகப் பூட்டியிருந்தால்தான் அது ஹெல்மெட் என்று இருக்கிறது. தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் போதும், முகவாய் நுனியில் இல்லாமல் தொண்டைப் பக்கமாக ஒட்டி வர வேண்டும். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். கயலுக்கு உன் பழைய ஹெல்மெட்டைப் போட்டு உட்கார வைக்காதே, அந்தச் சின்னக் கழுத்துக்கு அந்த எடை தாங்காது, உள்ளேயும் ஆடும். பிள்ளைகள் சைஸ் தனியாகக் கிடைக்கிறது, அதற்கும் டேப் வைத்து அளவெடு, "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிதாக எடுத்துவிடாதே.

அப்புறம் முடி. கொண்டை, உச்சியில் கிளிப், உயரத் தூக்கிக் கட்டிய குதிரைவால் எதுவும் ஹெல்மெட்டுக்குள் வேண்டாம். தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் கெட்டியாக ஒன்று இருந்தால் பொருத்தமும் போச்சு, விழுந்தால் அதுவே குத்தும். கழுத்துக்குக் கீழே தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுக்கொள், பூவைப் பள்ளிக்கூடம் போய் வைத்துக்கொள். வியர்வைக்கு மெல்லிய பருத்தித் துணி ஒன்று கட்டிக்கொள்ளலாம், ஆனால் கடையில் போட்டுப் பார்க்கும்போதும் அதே துணியோடு பார், துண்டு மாதிரி தடியானது கூடாது.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஹெல்மெட்டுக்கான IS 4151 என்ற தர எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா பார். 2021 ஜூன் மாதத்திலிருந்து அந்த முத்திரை இல்லாததை விற்கவே கூடாது, ஆனால் ரோட்டோரத்தில் முத்திரையை ஸ்டிக்கராக ஒட்டி விற்கிறார்கள். அந்த உரிம எண்ணை, முத்திரை கொடுக்கிற பி.ஐ.எஸ். அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். வீட்டில் வைக்கும்போது வண்டிக் கண்ணாடி மேல் கவிழ்த்து மாட்டாதே, உள் தெர்மாகோலில் பள்ளம் விழும். தின்னர், பெட்ரோல் தொட்டுத் துடைக்காதே. நம் தலை எண்ணெய்க்கு உள்துணியைக் கழற்றி ஷாம்பு போட்டுத் துவைத்து நிழலில் காயவைத்தால் போதும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடு.

சரி, இங்கே சேதி. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்தது, இப்போது பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் தானே படித்து எனக்கும் சொல்கிறாள். தாம்பரம் வீட்டை மாற்றலாமா என்று யோசனை ஓடுகிறது, ஆபீசுக்குப் பக்கமாகப் பார்த்தால் வாடகை கட்டுப்படியாகவில்லை. உன் அண்ணன் வேலை மாறினாரா? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

காரைக்குடியில் நல்ல கடை இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை மதுரைக்குப் போய்விட்டு வா, இல்லை, அரைப் பரீட்சை லீவுக்கு கயலோடு இங்கேயே வந்துவிடு, நானே அந்தக் கடைக்குக் கூட்டிப்போகிறேன். அதுவரைக்கும் இப்போதுள்ள ஹெல்மெட்டைக் கழற்றாதே மீனா, வலித்தால் வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்தி இரண்டு நிமிஷம் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டு போ. உன் தலை அளவையும் கயல் தலை அளவையும் சென்டிமீட்டரில் எழுதி, உச்சந்தலைப் படத்தையும் அனுப்பு. எந்த மாடல் ஒத்துவரும் என்று கடையில் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
வசந்தி