மூடிக் கணக்கு

ரங்கூன்,
ஞாயிறு இரவு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் மீனோடு செடியும் வாங்கி வந்துவிட்டாய் என்றதும் சிரித்துவிட்டேன். என் தொட்டியைப் பார்த்து "தண்ணிக்குள்ள தோட்டமா?" என்று கேலி செய்தவன் நீதானே. பேரன் கேட்டான் என்று சொல்லித் தப்பிக்காதே.

செடிக்கு என்ன மருந்து, எத்தனை மூடி என்று கேட்டிருக்கிறாய். அந்த மூடிக் கணக்கில்தான் நான் மாட்டினேன்.

போன வருடம் தம்பி மகன் பாங்காக்கிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டு வந்தான். ஒன்றில் இரும்பும் நுண்சத்தும், இன்னொன்று திரவ கார்பன், செடி வளரக் கார்பன் தரும் என்று விற்பது. கார்பன் பாட்டிலில் 200 லிட்டருக்கு ஒரு மூடி, அதாவது 5 மி.லி. என்று போட்டிருந்தது. என் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். 54 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் மணல், கல் போகத் தண்ணீர் 45 லிட்டர் தேறும். ஒரு மி.லி.யே தாராளம். நான் எங்கே கணக்குப் போட்டேன்? செடி வெளிறிக் கிடக்கிறதே என்று தினம் ஒரு முழு மூடி ஊற்றினேன். நாலாம் நாள் ஊற்றிய கையோடு கரண்ட் போனது. ஃபில்டரும் நின்றது.

காலையில் பார்த்தால் இறால் ஏழும் வெந்தது போலச் சிவந்து கிடக்கின்றன. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. நாடா போல நீண்ட வாலிஸ்நேரியா செடியைத் தொட்டால் அவித்த கீரை மாதிரி கையோடு வருகிறது. மகள் பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு, "குளூட்டரால்டிஹைடுப்பா இது. ஆஸ்பத்திரியில கிருமி சாக கருவியெல்லாம் இதுலதான் ஊற வைப்போம்" என்றாள். நானோ அதைச் சாப்பாடு என்று நினைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன்! பாதித் தண்ணீரை உடனே மாற்றியதால் மீன்கள் பிழைத்தன. 2006இல் ஷான் மாநிலத்து ஹோபோங் பக்கம் கண்டுபிடித்தார்களே, நீல உடம்பில் முத்துப் புள்ளி வைத்த குட்டி மீன், அதில் ஆறு வைத்திருக்கிறேன். ஆறும் தப்பின.

அப்புறம்தான் உறைத்தது, என் செடிக்குக் குறை மருந்தில்லை, வெளிச்சம். இங்கே கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று உனக்குத் தெரியும். சில நாள் விளக்கு மூன்று மணி நேரம்கூட எரிவதில்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் செடி சத்தை அதிகம் எடுக்காது. அது விட்டதைப் பாசி தின்னும். கண்ணாடியெல்லாம் பச்சை பூசியது அதனால்தான்.

இப்போது கார்பனைத் தொடுவதில்லை. மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறன்று தண்ணீர் மாற்றியதும் நுண்சத்தில் பாட்டில் சொல்வதில் பாதி, வியாழன் இன்னொரு பாதி. கரண்ட் மோசமான வாரத்தில் வியாழனையும் விட்டுவிடுவேன். பாஸ்பேட் போடுவதானால் மறுநாள்தான். ஒருமுறை சோம்பல்பட்டு இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்தேன், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கி அடியில் படிந்துவிட்டது. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் அப்படித்தான். பிறகு செடிக்கு என்ன மிஞ்சும்?

இலையைப் பார்த்துப் பழகு. புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இரும்புக் குறை. அடியில் உள்ள பழைய இலை மஞ்சளித்தால் நைட்ரஜன், அதில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம். நீ வாங்கிய அமேசான் வாள் செடி வேரால் தின்கிற ஜாதி. அதற்குத் தண்ணீரில் ஊற்றுவதைவிட மணலுக்குள் ஒரு உர மாத்திரை புதைப்பது மேல்.

இங்கே மழை பிடித்துவிட்டது. சுவரெல்லாம் ஓதம். எனக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். பர்மா பஜார் பக்கம் போனால் என் பேரைச் சொல்லி ஒரு தட்டு அத்தோ, அதான் நம் பர்மா நூடுல்ஸ், சாப்பிடு. ருசி நம்மூர் மாதிரி இருக்கிறதா என்று எழுது.

உன் தொட்டியின் நீளம், அகலம், உயரம், விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது, எல்லாம் விவரமாக எழுது. இறால் இருக்கிறதா என்றும் சொல். அதுவரை பாட்டிலைத் திறக்காதே.

உன்
பழைய பெஞ்சுக்காரன்