மாலதிக்கு: ஃபேன் இல்லாத பெட்டி பற்றி

அன்புள்ள மாலதிக்கு,

வீட்டு இன்டர்நெட்டுக்கு ரவுட்டராக வைக்க எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே உன் பிள்ளை வந்து போனைப் பிடுங்கிக்கொள்வான். அதனால் எழுதியே விடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டெல் என்100 சிப் போட்ட, நாலு நெட்வொர்க் போர்ட் உள்ள பெட்டியை வாங்கு. எட்டு கோர், அதாவது எட்டு மூளை, உள்ள என்305 வேண்டாம். மாப்பிள்ளை மேஜையில் கிடக்கிற ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் அங்கேயே கிடக்கட்டும்.

மாப்பிள்ளை என்305 பக்கம் சாய்வார் என்று தெரியும். எட்டு கோர், நாலு கோர் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் யாருக்கும் பெரிய எண் மேல்தான் கண் போகும். ஆனால் உங்கள் வீட்டு லைன் 200 எம்பிபிஎஸ். நான் கல்லூரி ஹாஸ்டலுக்கு முதன்முதலில் வைத்த பெட்டி, சுவிட்சர்லாந்து பிசி எஞ்சின்ஸ் கம்பெனியின் அலிக்ஸ் போர்டு. 500 மெகாஹெர்ட்ஸ் ஜியோடு சிப், 256 எம்பி ராம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு, அவ்வளவுதான். அதில் மோனோவால் என்ற ரவுட்டர் மென்பொருள் ஓடியது, பிறகு பிஎஃப்சென்ஸ். ஹாஸ்டல் முழுக்க அதன் வழியாகத்தான் வெளியே போய் வந்தது. ஒரு பாக்கெட்டை, அதாவது ஒரு துண்டுத் தகவலை, இந்தப் பக்கம் வாங்கி, முகவரியை மாற்றி, அந்தப் பக்கம் தள்ளுவது அத்தனை பெரிய கணக்கு இல்லை. 2023-இல் வந்த என்100 அதற்குத் தாராளமாகப் போதும். என்305-க்கு இன்டெல் குறித்திருக்கும் மின்சார அளவு 15 வாட், என்100-க்கு 6 வாட். நீ திருவான்மியூரில் மே மாதத்தில், ஏசி இல்லாத ஹாலில், ஃபேன் இல்லாமல் வைக்கப்போகும் பெட்டி. அந்த 9 வாட் வித்தியாசம் எங்கே போகும் என்று யோசித்துப் பார்.

ஃபேன் வேண்டாம் என்று நீ சொன்னது சத்தத்துக்காக என்று நினைக்கிறேன். எனக்குச் சத்தம் இரண்டாம்பட்சம். கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறாய். ஃபேன் இருந்தால் உப்புக்காற்றையும் தூசியையும் நாள் முழுக்க உள்ளே இழுத்து போர்டு மேல் பூசும். சின்ன ஃபேனின் பேரிங் தேய்ந்து கரகரவென்று ஆரம்பிக்கும். ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடும். நின்றதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இன்டர்நெட் விட்டு விட்டு வருகிறது என்று கம்பெனிக்காரனுக்குத்தான் போன் போடுவீர்கள்.

ஆனால் ஃபேன் இல்லாத பெட்டியில் ஒரு வேலை நீ செய்தே ஆக வேண்டும். வந்ததும், ஆன் செய்வதற்கு முன்னால், அடியில் உள்ள நாலு ஸ்க்ரூவைக் கழற்று. சிப்புக்கும் மேலே வரிவரியாக இருக்கும் அலுமினிய உடம்புக்கும் நடுவில் ஒரு செம்புக் கட்டி இருக்கும். சூடு வெளியே வருவதற்கு அது ஒன்றுதான் வழி. பெயர் தெரியாத பெட்டிகளில் இந்த இடத்தில்தான் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். தெர்மல் பேஸ்ட் ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டியிருக்கும், அல்லது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருக்கும். தோசைக்கல் அடுப்பில் படியாமல் ஒரு பக்கம் தூக்கி நின்றால் ஒரு பாதி கருகி மறுபாதி வேகாமல் கிடக்குமே, அந்தக் கதைதான். பழைய பேஸ்ட்டைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நல்ல பேஸ்ட்டாகப் பட்டாணி அளவு வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடுக்கு.

அதற்கப்புறம் பெட்டியைத் தொட்டால் சுடும். பயப்படாதே. சூடு உடம்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மேலே ஜில்லென்று இருந்து, உள்ளே சிப் 90 டிகிரி காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். அந்தச் சிப்பின் உச்ச வரம்பு 105 டிகிரி. வெயில் காலத்தில் 60, 70 என்று நின்றால் நிம்மதியாக இரு. டிவி அலமாரிக்குள் மட்டும் தள்ளிவிடாதே. வரிகள் மேல்பக்கம் பார்க்க, சுற்றிலும் கையளவு இடம் விட்டு வை. மேலே போன், பேப்பர், பிள்ளையார் படம் எதுவும் வைக்கக் கூடாது என்று உன் மாமியாரிடமும் சொல்லிவிடு.

அடுத்து போர்ட். படத்தில் எல்லா போர்ட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதை ஓட்டும் நெட்வொர்க் சிப் உள்ளே எது என்று பார். நீ அனுப்பியதில் இன்டெல் ஐ226 என்று இருக்கிறது, நல்லது. அதற்கு முந்தைய ஐ225-இன் ஆரம்ப பதிப்புகளில் பாக்கெட் தொலையும் கோளாறு இருந்தது. பழைய இருப்பை மலிவாகத் தள்ளிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஏமாந்துவிடாதே. ஐ226-இலும் இணைப்பு அவ்வப்போது விழுந்து எழுந்தால், ஈஇஇ என்கிற மின்சேமிப்பு வசதியை அணைத்துப் பார். ரியல்டெக் சிப் உள்ளதை விட்டுவிடு. லினக்ஸில் அது பரவாயில்லை. பிஎஃப்சென்ஸும் அதன் கிளையான ஓபிஎன்சென்ஸும் உட்கார்ந்திருக்கும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் அதன் டிரைவர் நிறையப் பேரை அலைய வைத்திருக்கிறது.

ராஸ்பெர்ரி பையைப் பற்றி மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். நாலாம் மாடலில் இருப்பது ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட். இரண்டாவதுக்கு யுஎஸ்பியில் ஒன்றைச் சொருக வேண்டும், இல்லையென்றால் விலான் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்குகளைப் பிரித்து ஓட்டும் முறை) தெரிந்த ஸ்விட்ச் வாங்க வேண்டும். ஓடும், ஓடாமல் இல்லை. ஆனால் வீட்டு இன்டர்நெட் முழுக்க ஒரு யுஎஸ்பி முனையிலும் ஒரு எஸ்டி கார்டிலும் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு அது விளையாட்டுச் சாமான், அப்படியே இருக்கட்டும்.

என்ன சாஃப்ட்வேர் போடுவது என்று கேட்டிருந்தாய். உன் தொல்லை என்ன? நீ ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது மாப்பிள்ளையின் போன் போட்டோக்களை மேலே ஏற்ற ஆரம்பித்ததும் உன் குரல் உடைகிறது. லைன் வேகம் போதாமல் அது நடக்கவில்லை. அப்லோடு வரிசையில் அவர் போட்டோக்கள் முன்னால் நிற்கின்றன, உன் பேச்சு பின்னால் காத்துக் கிடக்கிறது. அதற்கு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் ரவுட்டர் மென்பொருளைப் போட்டு, அதில் எஸ்க்யூஎம் என்கிற வரிசை ஒழுங்கு வசதியை ஆன் செய்து, கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக எழுது. வரிசை மோடத்தில் கட்டாமல் உன் பெட்டிக்குள்ளேயே நிற்கும். யாரை முதலில் விடுவது என்று அது பார்த்துக்கொள்ளும். இதைச் செய்த அன்றே வித்தியாசம் தெரியும்.

உங்கள் இன்டர்நெட் கம்பெனி, யூசர்நேம் பாஸ்வேர்டு கொடுத்து நுழைகிற பிபிபிஓஇ வழியாகத்தான் லைன் கொடுக்கிறது என்பதும் இன்னொரு காரணம். ஃப்ரீபிஎஸ்டியில் வழக்கமாக அந்த டிராஃபிக் முழுக்க ஒரே கோரில் போய் விழும். அதே பிசி எஞ்சின்ஸ் கம்பெனியின் என் பழைய ஏபியு2 பெட்டி அதனால்தான் ஜிகாபிட் லைனில் மூச்சு வாங்கியது. உன் 200-க்கு அது பிரச்சினையே இல்லை, ஆனாலும் லினக்ஸ் பக்கம் இருந்துவிட்டால் பின்னால் லைனை ஏற்றினாலும் தலைவலி இல்லை. ஏபியு2 இன்றைக்கும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) வரைக்கும் பெரும்பாலும் திறந்த மென்பொருள், ஒழுங்காக அப்டேட் வந்துகொண்டிருந்தது. 2023-இல் அந்தக் கம்பெனியே கடையைக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டது. அந்த மனநிம்மதி உனக்கு வேண்டுமென்றால் ப்ரொடெக்ட்லி போன்றவர்கள் விற்கும் பெட்டி இருக்கிறது, விலை கூட. நம் வீட்டுக்கு அது அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெட்டிக்குள் வைஃபை கார்டு போட்டுத் தருகிறேன் என்று விற்பவன் சொன்னால் வேண்டாம் என்று சொல். இப்போது இருக்கும் ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். ராம் 8 ஜிபி போதும், டிஸ்க் சின்னதாகவே இருக்கட்டும்.

கரன்ட் விஷயம். இந்தப் பெட்டி சும்மா இருக்கும்போது 10 வாட் பக்கம் குடிக்கும். இரண்டு மாத பில்லில் பதினைந்து யூனிட்டுக்குள்தான். கரன்ட் போனால் ஓட வைப்பதற்கு ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கலாம் என்று நீ நினைத்தது சரி. ஆனால் 2 ஆம்பியர் என்று போட்டிருப்பதை எடுக்காதே. அது 24 வாட்தான். பெட்டி பூட் ஆகிற நேரத்தில் அதைத் தொட்டுவிடும், கம்பெனி வைத்த ஓஎன்டியையும் (ஃபைபர் வந்து சேரும் மோடம்) அதே யுபிஎஸ்ஸில் மாட்டினால் நிச்சயம் தாங்காது. பிளக்கையும் அளந்து பார். 5.5/2.1, 5.5/2.5 என்று இரண்டு உண்டு, கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். 2.5 பிளக்கை 2.1 முள்ளில் சொருகினால் உள்ளே போய்விடும், ஆனால் லொடலொடவென்று ஆடும். யாராவது பெருக்கும்போது துடைப்பம் பட்டால் இன்டர்நெட் போகும். பயாஸில் கரன்ட் திரும்பி வந்ததும் தானாக ஆன் ஆகும்படி மாற்றி வைக்கவும் மறக்காதே. இல்லையென்றால் நீங்கள் ஊருக்கு வந்திருக்கும்போது அங்கே ஒரு நிமிடம் கரன்ட் போனாலும், திரும்பப் போகும்வரை வீட்டு கேமரா குருடாகத்தான் இருக்கும்.

பெட்டி வருவதற்குள் ஒரு காரியம் செய்து வை. ஓஎன்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பிறகு கம்பெனிக்குப் போன் செய்து, அதை பிரிட்ஜ் மோடில் (அது ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை நேரே நம் பெட்டிக்கு விடும்படி) போட்டுத் தருவார்களா என்று கேள். பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் நம்பர் மூன்றையும் எழுதி வாங்கு. வாயால் சொன்னால் போதாது, மெசேஜில் அனுப்பச் சொல். முதலில் எடுக்கிற பையன் 'அப்படியெல்லாம் கிடையாது மேடம்' என்பான். அவனோடு மல்லுக்கட்டாமல், டெக்னிக்கல் ஆளிடம் இணைக்கச் சொல். அப்பாவின் பிபி மாத்திரை தீர்ந்துவிட்டது, போன தடவை வாங்கியது எந்தக் கடை என்றும் அதே மெசேஜில் எழுது.

அன்புடன்,
அம்மா