பார்வையாளர் வட்டம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், வராம வாட்ஸ்அப்ல மட்டும் வாழுற உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன வருசம் அறிக்கைய சுத்தத் தமிழ்ல எழுதினேன், தூக்கம் வருதுன்னு ரெண்டு மூணு பேர் சொன்னீங்க, அதனால இந்த வாட்டி பேசுற மாதிரியே எழுதிட்டேன்.

கடமைய முதல்ல முடிச்சிடுறேன். மாசாமாசம் ரெண்டாவது ஞாயிறு சாயங்காலம் கூட்டம் நடந்துச்சு, மே மாசம் மட்டும் எல்லாரும் ஊருக்குப் போயிட்டதால இல்ல. பொங்கலுக்கு குழந்தைங்களுக்கு வினாடி வினா, பரிசு பேனா. நிர்வாகக் குழு கூடுச்சு, டீ குடிச்சுது, கலைஞ்சுது.

புதுசா சேந்தவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடுறேன், நாம ஹால்ல படம் போடுறதில்ல. டாக்குமெண்டரியோ பாட்காஸ்ட்டோ அவங்கவங்க வீட்லயே பாத்து, கேட்டுட்டு வரணும், இங்க பேச்சு மட்டும்தான். நடக்கிறது என்னன்னா பாக்காதவங்க தான் ஜாஸ்தி நேரம் பேசுறாங்க. 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' நாப்பது நிமிசத்துக்கு மேல ஒன்னு ரெண்டு நிமிசம் இருக்கும், அவ்ளோதான், அதையே பாக்காம வந்து "ஆஸ்கார் குடுத்ததே அரசியல்"னு ஒருத்தர் கால் மணி நேரம் பேசினார். பாத்துட்டு வந்த மூணாவது மாடி டீச்சரம்மா சொன்னது தான் உருப்படியான கருத்து. படத்துல வர்ற யானைக் குட்டிங்க ரகுவையும் அம்முவையும் பாத்து அழுதோம் சரி, முதுமலை தெப்பக்காடு யானை முகாமுக்கு எத்தனையோ வாட்டி போய் யானைக்கு சாப்பாடு குடுக்கறத வேடிக்கை பாத்திருக்கோம், பக்கத்துல நின்ன காவடிங்க, அதான் பாகனுக்கு உதவியா இருக்கிறவங்க, அவங்க முகத்த யாராச்சும் பாத்தோமான்னு கேட்டாங்க. ஹால்ல ஒரு சத்தம் இல்ல.

'மை ஆக்டோபஸ் டீச்சர்' படத்துக்கு நல்ல சண்டை. தென்னாப்பிரிக்கா கடல்ல சுறா வந்து அதோட கைய கடிச்சு எடுக்குது, கேமராவோட பக்கத்துலயே இருக்கிற மனுசன் ஏன் விரட்டலன்னு ஒரு கட்சி, இயற்கைல தலையிடக் கூடாதுன்னு ஒரு கட்சி. கை திரும்ப முளைச்சதால ரெண்டு கட்சியுமே ஜெயிச்ச மாதிரி வீட்டுக்குப் போச்சு. 'ஃப்ரீ சோலோ'ல அலெக்ஸ் ஹானோல்ட் 2017 ஜூன்ல கயிறே இல்லாம எல் கேப்பிடான் பாறைல நாலு மணி நேரத்துக்குள்ள ஏறுறார், எனக்கு அத விட பிடிச்சது, பாக்க முடியாம முகத்த திருப்பிக்கிற அந்த கேமராமேன் தான். இது என் சொந்தக் கருத்து, வட்டத்தோட கருத்து இல்ல.

இந்த வருசம் ரொம்ப சூடா போனது 'சீரியல்' பாட்காஸ்ட். 2014-ல வந்தது, முதல் சீசன் 12 எபிசோடு. 1999-ல பால்டிமோர்ல ஹே மின் லீங்கிற ஸ்கூல் பொண்ணு கொலையாகுது, அந்தப் பொண்ணு முன்னாடி பழகின பையன் அட்னான் சையதுக்கு ஆயுள் தண்டனை, பாட்காஸ்ட்டால கேஸ் உலகம் பூரா தெரிஞ்சு, 2022-ல தீர்ப்பு ரத்தாகி வெளிய வந்தார், அடுத்த வருசமே தீர்ப்பு மறுபடி உயிர் பெத்துச்சு, 2025 மார்ச்ல ஜட்ஜு இதுவரை இருந்த ஜெயிலே போதும்னு சொல்லிட்டார், ஆனா குற்றவாளிங்கிறது அப்படியே தான் இருக்கு. நம்மாளுங்க பாதிப் பேர் அட்னான் பக்கம். பொருளாளர் அக்கா மட்டும், சமைச்சுட்டே காதுல மாட்டிக் கேக்கறதுக்கு யாரோ பெத்த பொண்ணோட சாவு தான் கிடைச்சுதா, அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு வாட்டியும் எப்படி இருக்கும்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் கிரைம் பாட்காஸ்ட் வேணாம்னு முடிவாச்சு, மறைவா கேக்கறவங்க கேட்டுட்டு தான் இருக்காங்க, எனக்கு தெரியும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். அந்த 'சீரியல்' பாட்காஸ்ட் நடுவுல விளம்பரம் வருமில்ல, அதப் பத்தி பேச்சு வந்தப்ப தான் எனக்கு இந்த ஐடியாவே வந்துச்சு. கதை சொல்ற அதே குரல்ல இப்பல்லாம் மெத்தையும் புரோட்டீன் பவுடரும் விக்கிறாங்க, நாமளும் கூடப் பொறந்தவங்க சொன்ன மாதிரி நம்பி வாங்குறோம். 2023 ஜனவரில மத்திய அரசே, காசு வாங்கிட்டு பேசினா அத தெளிவா சொல்லணும்னு விதி போட்டுச்சு, ஏமாத்துற விளம்பரத்துல நடிச்சா முதல் வாட்டி பத்து லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு. இருந்தும் ரீல்ஸ்ல யார் சொல்றாங்க? அதனால ஆரம்பிச்சது தான் 'வாங்கினவங்க நோட்டு', பொருள வாங்கிப் பயன்படுத்தின உறுப்பினர்கள் அவங்க அனுபவத்த எழுதி வெக்கிற நோட்டு. விதி ரெண்டே ரெண்டு. சொந்தக் காசுல வாங்கியிருக்கணும். ஆறு மாசமாவது வீட்ல ஓடியிருக்கணும். பெட்டி பிரிச்ச அன்னிக்கு வர்ற கருத்துக்கு நோட்டுல இடம் இல்ல.

இது வீண் வேலைன்னு குழுவுலயே சிலர் சொன்னாங்க, பேர் சொல்லல. படிச்சுப் பாத்துட்டு சொல்லட்டும். கரண்ட் கம்மியா இழுக்குற பி.எல்.டி.சி. ஃபேன் பக்கத்துல மட்டும் ஏகப்பட்ட பேர் எழுதியிருக்காங்க. பழைய ஃபேன் 75 வாட், இது முப்பதுக்கு பக்கத்துல, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா அரை யூனிட்டுக்கு மேல மிச்சம், ரெண்டு மாச பில்லுக்கு ஒரு ஃபேனுக்கே முப்பது யூனிட் கிட்ட வரும். அதுக்கு கீழயே இன்னொருத்தர் "ரிமோட் தொலைஞ்சா ஃபேன் மாமியார் மாதிரி, அதுவா நெனச்சா தான் வேகம் குறையும்"னு எழுதி வெச்சிருக்கார். இத எந்த யூடியூப் ரிவ்யூல சொன்னான்? இரும்பு தோசைக்கல் பக்கமும் அப்படித்தான், 'எண்ணெய் ஏத்தியே வருது, உடனே சுடலாம்'னு விளம்பரம், நம்ம வீடுகள்ல முதல் ரெண்டு வாரம் எல்லார் தோசையும் பிஞ்சுது, வடிச்ச கஞ்சில ஊறப் போட்டு வெங்காயம் தேச்சு பழக்கின கல்லு தான் நின்னுச்சு. கிரைண்டர் பக்கம் வந்தா நம்ம கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்கு, அந்த ஊர்ல இருந்துட்டு மிக்ஸில இட்லி மாவு ஆட்டி சூடேத்துற உறுப்பினர்கள் இருக்காங்க, அவங்க கருத்தையும் சேத்துத் தான் எழுதியிருக்கேன், ஜனநாயகம்.

இப்ப வருத்தம். நோட்ட போட்டோ புடிச்சு அனுப்புங்கன்னு ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் போடுறவங்க யாருன்னு பாத்தா, கூட்டத்துக்கு வராதவங்க, சந்தா கட்டாதவங்க. வருசத்துக்கு 300 ரூபா. ஒரு வேளை பிரியாணி ஆர்டருக்கு டெலிவரி சார்ஜ் சேத்து அதுக்கு மேல ஆகுது. "இந்த மாசம் தலைப்பு போரடிக்குது"னு சொல்றாங்க, தலைப்பு குடுங்கன்னு கேட்டா தம்ஸ்அப் போடுறாங்க. பிஞ்சு போன கொசுவலை பத்தி எழுதச் சொல்லி நாலு வாட்டி ஞாபகப்படுத்தியும் எழுதாத நண்பர் தான், நோட்டுல கொசுவலையே இல்லன்னு குறை சொன்னார்.

கணக்கு: வரவும் செலவும் கிட்டத்தட்ட ஒட்டியே போகுது. செலவுன்னு பாத்தா டீ, சுண்டல், மைக் ரிப்பேர், நோட்டு, ஜெராக்ஸ், சில்லறை. மைக் ரிப்பேர் எதிர்பாத்தத விட கொஞ்சம் ஜாஸ்தி. விவரம் வேணுங்கறவங்க பொருளாளர் அக்காகிட்ட பாத்துக்கலாம். கையிருப்பு இருக்கு, ஆனா பெருமையா சொல்ற அளவுக்கு இல்ல.

தலைவர் ஐயா, துணைத் தலைவர், ஹால் சாவி குடுத்த வாட்ச்மேன் அண்ணன், சுண்டல் செஞ்சு குடுத்த ரெண்டாவது மாடி அம்மா, எல்லாருக்கும் நன்றி. விட்டுப் போனவங்க தப்பா எடுத்துக்காதீங்க.

அடுத்த வருசம் நோட்ட டைப் பண்ணி பிரிண்ட் எடுக்கணும், ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கணும்னு ஆசை. செயலாளர் பதவிக்கும் வேற யாராச்சும் வரணும்னு தான் நானும் நினைக்கிறேன், இதுவரை ஒருத்தரும் பேர் குடுக்கல, குடுத்தா சாவியும் ஃபைலும் அன்னிக்கே குடுத்துடுவேன். நோட்டு மட்டும் வட்டத்தோட சொத்து, சந்தா கட்டின உறுப்பினர் யார் வேணா வந்து வாங்கிட்டுப் போலாம். பொருளாளர் அக்கா ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி வரைக்கும் வீட்ல தான் இருப்பாங்க, ஜீபேயும் எடுத்துக்குவாங்க, பழைய பாக்கியையும் சேத்தே அனுப்பலாம்.

இப்படிக்கு,
செயலாளர்