ரிவர்சைட் குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்புப் பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மேலைத்தேய இசையை அறிமுகப்படுத்தி உங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவரும் பத்தியில், போலந்து நாட்டின் 'ரிவர்சைட்' இசைக்குழுவுடைய முதல் இரண்டு தொகுப்புகளையும் ஒப்பிட்டு எழுதப்பட்டிருந்ததை வாசித்தேன். நீண்ட பாடல்களும் சிக்கலான அமைப்பும் கொண்ட 'புறோகிறசிவ் ரொக்' இசை பற்றித் தமிழில் இப்படியொரு பத்தி வருவது வன்னியில் அந்த இசையைக் கேட்கிற எங்களைப் போன்ற சிலருக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் 2003 இல் வந்த 'அவுட் ஒஃப் மைசெல்ஃப்' தொகுப்பை மனமுருகிப் பாராட்டிய பத்தி எழுத்தாளர், 2005 இல் வந்த 'செக்கண்ட் லைஃப் சின்ட்ரோம்' தொகுப்பை, கனம் கூடி அழகு குறைந்துவிட்டது, இரைச்சலுக்கு இடம் கொடுத்துவிட்டது என்று நாலைந்து வரிகளில் ஒதுக்கிவிட்டார். பாடசாலையில் சங்கீதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அந்தத் தொகுப்பைப் பல ஆண்டுகளாக விரும்பிக் கேட்டு வருபவன் என்ற முறையிலும், இந்தத் தீர்ப்பைப் பேசாமல் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதல் தொகுப்பைவிட இரண்டாவது கனத்தது என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அந்தக் கனம் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதுதான் என் குறை. 2001 இல் வார்சோ நகரில் தொடங்கிய இந்தக் குழுவில், டிரம்ஸ் வாசிக்கும் பியோத்தர் கோஜெராட்ஸ்கி அதற்கு முன்னர் 'ஹேட்', 'டொமெய்ன்' போன்ற, மிகக் கனத்த ரொக் வகையான டெத் மெட்டல் குழுக்களில் வாசித்தவர். ஆகவே கனத்த வாசிப்பு இந்தக் குழுவுக்கு இடையில் ஒட்டிக்கொண்ட ஆசை அல்ல, தொடக்கத்திலிருந்தே அதன் கைக்குள் இருந்ததுதான். முதல் தொகுப்பில் கீபோர்ட் வாசித்த யாசெக் மெல்னிட்ஸ்கி விலகியபின் மிஹாவ் வாபாய் வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்த ஹமொண்ட் என்னும் மின் ஓர்கனின் கரகரத்த, நிறைந்த ஒலி, கிற்றாருக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் வெறும் திரையாக நில்லாமல் கிற்றாரோடு மோதுகிறது. முதல் தொகுப்பில் தனியாக நின்று நீளமாகப் பாடிக்கொண்டிருந்த பியோத்தர் குருஜின்ஸ்கியின் கிற்றாருக்கு இப்போது பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். இரண்டாவது உருப்படியான 'வோல்ட் ஃபேஸ்' இல் இந்தப் பேச்சுவார்த்தையை எவரும் கேட்கலாம்.

எதற்காக என்ற கேள்விக்குத் தொகுப்பின் அமைப்பே பதில் சொல்கிறது. 'அவுட் ஒஃப் மைசெல்ஃப்', 'செக்கண்ட் லைஃப் சின்ட்ரோம்', 2007 இல் வந்த 'ரப்பிட் ஐ மூவ்மென்ட்' ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே தொடர். தனக்குள்ளேயே தொலைந்துபோன ஒரு மனிதனின் மனப்போராட்டம் மூன்றின் ஊடாகவும் ஓடுகிறது. இரண்டாவது தொகுப்பு அந்தத் தொடரின் நடுப்பகுதி, அதாவது அந்த மனிதன் பழைய வாழ்க்கையை உதறிவிட்டுப் புதியதொன்றைத் தொடங்க முயன்று, பழையது தன்னை விடாது பற்றியிருப்பதைக் காணும் கட்டம். அங்கே இசை முன்போலவே மென்மையாக இருந்திருந்தால், சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். ஒன்பது உருப்படிகளில் முதலாவதற்குப் 'பின்னர்' என்று பொருள்படும் 'ஆஃப்டர்' என்றும், கடைசியானதற்கு 'முன்னர்' என்று பொருள்படும் 'பிஃபோர்' என்றும் பெயர் வைத்திருப்பதை அந்தப் பத்தி கவனித்ததாகத் தெரியவில்லை. முடிவிலிருந்து புறப்பட்டு தொடக்கத்தை நோக்கி நடக்கும் ஒரு தொகுப்பை, நடுவில் இருக்கும் ஓரிரண்டு பாடல்களை மட்டும் பொறுக்கியெடுத்து அளந்துவிட முடியாது.

பத்தி எழுத்தாளர் குறிப்பாகக் குறை கூறியிருக்கும் 'ஆர்ட்டிஃபிஷியல் ஸ்மைல்' பாடலையே எடுத்துக்கொள்வோம். பாடகர் மரியூஸ் டூடா அதில் அலறுகிறார் என்பது உண்மை. ஆனால் அது தொகுப்பின் ஐந்தாவது உருப்படி. அதற்கு முன்னர், மூன்றாவதாக, நான்கு நிமிடத்துக்கும் குறைவான 'கொன்சீவிங் யூ' என்ற அமைதியான பாடல் வருகிறது. அதன்பின் பதினைந்து நிமிடத்துக்கும் மேலாக, மூன்று பகுதிகளாக நீளும் தலைப்புப் பாடல். இவ்வளவு நேரமும் டூடாவின் குரல் பெரும்பாலும் அடங்கி, தணிந்து, தனக்குத்தானே பேசுவது போலவே ஒலித்து வந்திருக்கிறது. போலிச் சிரிப்பை முகத்தில் அணிந்து நடமாடும் ஒருவனைப் பற்றிய பாட்டில்தான் அந்தக் குரல் கடைசியில் உடைகிறது. முப்பது நிமிட அளவு பொறுத்திருந்த குரல் உடையும்போது அதில் இருக்கும் வலி, அந்தப் பாடலை மட்டும் தனியே எடுத்துக் கேட்பவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. அடுத்து வரும் 'ஐ டேர்ன்ட் யூ டவுன்' அந்த வெடிப்பின் களைப்பைத் தாங்கிக்கொண்டு நிதானமாக நடக்கிறது. இந்த வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் கேட்பவரின் மனத்தை நன்றாக அறிந்தவர்கள் என்றே நான் நம்புகிறேன்.

எங்கள் பகுதி வாசகர்களுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. முல்லைத்தீவில் முல்லைமோடி என்னும் எங்கள் கூத்து முறையில் ஆடப்படும் கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்களுக்கு, கண்ணகியின் புலம்பலும் பாண்டியன் சபையில் அவள் கொள்ளும் சீற்றமும் ஒரே கதையின் இரண்டு இடங்கள் என்பது தெரியும். புலம்பலை மட்டும் இசை என்று ஏற்றுக்கொண்டு, சீற்றத்தில் மத்தளமும் குரலும் உயர்வதை இரைச்சல் என்று சொல்பவரை வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் அயலில் நான் கண்டதில்லை.

இன்னொரு விடயத்தையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் தீர்ப்புக்கு அதுவே உண்மையான காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். ரிவர்சைட்டின் கனம் கிற்றாரில் இருந்து மட்டும் வருவதில்லை. டூடா பாடகர் மட்டுமல்ல, அவரே பேஸ் கிற்றாரும் வாசிக்கிறார். பல ரொக் குழுக்களில் பின்னால் ஒதுங்கி நிற்கும் அந்த வாத்தியம் இந்தக் குழுவில் முன்னால் வந்து மெட்டையே நடத்துகிறது. நான்கு தந்தி பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி, வழக்கமான சுருதியில், ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ் அதிர்வில் ஒலிப்பது. கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அதன் அடிநாதத்தை எழுப்பவே முடியாது, ஏனென்றால் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி தேய்ந்து மறைந்துவிடும். எங்கள் இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர், பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வயல் வரம்பில் இருக்கும்போதும், அந்தச் சின்ன ஸ்பீக்கரில்தான் பாட்டுக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் கீழே இருந்து தாங்கும் பேஸ் கிற்றாரும், டிரம்ஸின் பெரிய முழவும், ஓர்கனின் கீழ்ச் சுரங்களும் மெலிந்துபோக, மேலே எஞ்சுவது சிம்பல் தட்டுகளின் சலசலப்பும் கிற்றாரின் கரகரப்பும்தான். அத்திவாரம் இல்லாமல் அதைக் கேட்பவர் இரைச்சல் என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது அந்தக் குழு வாசித்த இசை அல்ல. முதல் தொகுப்பு இந்தச் சோதனையில் ஓரளவு தப்பிவிடுகிறது, காரணம் அதன் அழகில் பெரும்பங்கு குருஜின்ஸ்கியின் கிற்றார் பாடும் மேல் சுரங்களில் இருக்கிறது. இரண்டாவது தொகுப்பு தப்புவதில்லை. சாதாரண ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு 'வோல்ட் ஃபேஸ்' பாடலை மறுபடி கேட்டால் போதும், நான் சொல்வது விளங்கிவிடும்.

மூத்தவர்கள் சிலருக்குக் கனத்த ஒலி எதுவானாலும் பிடிப்பதில்லை. அதற்கு வன்னியில் வேறெங்கும் இல்லாத காரணம் உண்டு, அதை நான் நன்றாக அறிவேன், 2009 வரை இந்த மண்ணில் இருந்தவர்களுக்கு இரைச்சல் என்றால் என்னவென்று எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவர்களிடம் இந்தத் தொகுப்பைக் கேளுங்கள் என்று நான் வற்புறுத்த மாட்டேன். ஆயினும் அந்தக் காலத்தில் சிறு பிள்ளைகளாக இருந்து இன்று இளைஞர்களாகிவிட்ட சிலர், எங்கே உயரும், எங்கே தணியும், எப்போது முடியும் என்று ஒழுங்கு கட்டப்பட்ட கனத்த இசையைத் தாங்களே தேடிக் கேட்கிறார்கள் என்றால், அந்தத் தேடலை ரசனைக் குறைவாகப் பார்ப்பது தவறு. என்னிடம் சங்கீதம் படித்த பிள்ளைகள் சிலர் இன்று கிற்றாரும் டிரம்ஸும் வாசிக்கிறார்கள். மிஸ்ர சாபு தாளத்தின் ஏழு எண்ணிக்கையைக் கையில் போட்டுப் பழகிய அவர்களுக்கு, பிங்க் ஃபுளொய்ட் குழு 1973 இல் ஏழு எண்ணிக்கையில் அமைத்த 'மணி' பாடல் முதல்முறை கேட்டபோதே பிடிபட்டது. ரிவர்சைட்டின் இரண்டாவது தொகுப்பை என் கையில் தந்தவரும் அவர்களில் ஒருவர்தான்.

குருஜின்ஸ்கி 2016 பெப்ரவரியில் தமது 40 ஆவது வயதில் மாரடைப்பால் காலமானார். அதன்பின் 2018 இல் 'வேஸ்ட்லாண்ட்' தொகுப்பு வந்தபோது கிற்றாரில் பெரும்பகுதியை டூடாவே வாசித்தார். டூடா, குருஜின்ஸ்கி, கோஜெராட்ஸ்கி, வாபாய் ஆகிய நால்வரும் சேர்ந்து வாசித்த முதலாவது முழுத் தொகுப்பு என்ற பெருமையும் 'செக்கண்ட் லைஃப் சின்ட்ரோம்' தொகுப்புக்கே உரியது. நாலைந்து வரிகளில் அது கடந்துபோகக் கூடியதல்ல.

அடுத்த பத்தியில் மூன்றாவது தொகுப்பைப் பற்றி எழுத இருப்பதாக எழுத்தாளர் குறிப்பிட்டிருக்கிறார். அதை எழுதுவதற்கு முன்னர், இரண்டாவது தொகுப்பின் அறுபத்துமூன்று நிமிடங்களையும், பாடல்களின் வரிசையை மாற்றாமல், இடையில் நிறுத்தாமல், ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதும்படி அவரைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கேட்ட பின்னரும் அவருடைய கருத்து மாறாவிட்டால் அதன் காரணங்களை விரிவாக எழுதட்டும். நானும் என் பழைய மாணவர்களும் ஆவலோடு வாசிப்போம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர்,
விசுவமடு.