நடை சாத்தும் நேரத்தை ரயில் நிலையத்திலேயே எழுதி வையுங்கள்

ஆசிரியருக்கு,

நண்பர்களாகச் சேர்ந்து இரண்டு மூன்று நாள் மதுரையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பலர், மீனாட்சி அம்மன் கோயிலைக் கடைசி நாளுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். லாட்ஜைக் காலி செய்து, பையும் கையுமாக அவர்கள் வரிசைக்கு வரும்போது பதினொன்றரை ஆகிவிடுகிறது. 12.30-க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். பிற்பகல் ரயிலுக்குப் போகிறவர்கள் அம்மனைப் பார்க்காமலே ஊர் திரும்புவது நமக்கு நல்லதாகப் படவில்லை.

கடைசி நாள் என்றால் விடியலிலேயே கோயிலுக்குப் போய்விட வேண்டும். லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று முதல் நாளே கேட்டுக்கொண்டால், பைகளை அறையிலேயே விட்டுப் போகலாம். ரயில் நிலையப் பொருள் வைப்பறையில் வைப்பதானால் பயணச்சீட்டு கையில் இருக்க வேண்டும். பூட்டில்லாத பையை எடுக்க மாட்டார்கள்.

2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. கூட்டமாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். எல்லோருடைய போனையும் ஒரே டோக்கனில் ஒப்படைக்கிறார்கள். டோக்கன் வைத்திருப்பவர் உள்ளே பிரிந்துவிட்டால் கூப்பிடவும் வழியில்லை. நான்கு கோபுரங்களும் வெளியூர்க் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால், வேறு வாசலில் வெளியே வந்து, செருப்பில்லாமல் சுடுகல்லில் சித்திரை வீதியைச் சுற்றுகிறார்கள். எந்த வாசல், எத்தனை மணி என்று உள்ளே போகுமுன் பேசி வைத்துக்கொள்வது அவசியம். போன் இல்லாமல் ஜிபே கிடையாது. கட்டணச் சீட்டுக்கும் பிரசாதத்துக்கும் ரொக்கம் வேண்டும்.

நடை சாத்தியிருக்கும் நேரத்தில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்கலாம், மாலை 5 மணி வரை இருக்கிறது. சாமான் வாங்குவதையும் அப்போதே முடித்துக்கொள்ளலாம். மல்லிகையை மட்டும் கிளம்பும்போது வாங்க வேண்டும். விரியாத மொட்டாகப் பார்த்து, வாழை இலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்து, ஊர் போய்ச் சேருவதற்குள் பழுத்துவிடும்.

சித்திரை வீதிக்குள் வண்டி வராது. மேலக் கோபுரத்திலிருந்து டவுன்ஹால் ரோட்டில் நேராக நடந்தால் கால் மணி நேரத்தில் ரயில் நிலையம். மாலை நெரிசலில் ஆட்டோவை நம்புவதைவிட இது உத்தமம். பேருந்தில் போகிறவர்கள் ஊரைப் பார்த்து நிலையத்தைத் தீர்மானிக்க வேண்டும். சென்னை, திருச்சி, நெல்லைக்கு மாட்டுத்தாவணி. கோவை, தேனிக்கு ஆரப்பாளையம். இரண்டும் ஊரின் வேறு வேறு பக்கம். மாறிப் போய் இறங்கினால் முன்பதிவு செய்த வண்டி போய்விடும்.

நடை நேரம், செல்போன் தடை, எந்த ஊருக்கு எந்த நிலையம் என்ற மூன்றை மட்டும் எழுதி, ரயில் நிலையத்திலும் இரண்டு பேருந்து நிலையங்களிலும் பெரிய பலகை வைக்க மாநகராட்சியும் கோயில் நிர்வாகமும் ரயில்வேயும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழோடு மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தியிலும் இருக்கட்டும்.

வாசகர்,
சிம்மக்கல், மதுரை